போடியில் ஐந்தரை, ஜப்பானில் ஒன்பது
எழுதியது: ஒன்பதாம் வகுப்பு மாணவி



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'வெளிநாட்டில் நம்மவர்' என்று தலைப்பு கொடுத்தார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நாலைந்து பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஜப்பானுக்கு நான் ஒருத்திதான். எங்க சித்தி டோக்கியோவில் கணக்கு டீச்சராக இருக்காங்க. அங்கே அவங்க தினமும் எப்படி இருக்காங்க, ஏலத்தோட்டத்துக்குப் போகிற எங்க அம்மாச்சியோடு எப்படிப் பேசிக்கிறாங்க என்பதைத்தான் எழுதப் போகிறேன். எரிமலை, புல்லட் ரயில் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. இது புரிந்தால்தான் மற்றது புரியும். சமூக அறிவியலில் தீர்க்கக்கோடு படித்திருக்கிறோம் அல்லவா? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியாவின் நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜப்பானின் நேரத்துக்கு 135 பாகை கிழக்கு. அந்தக் கோடு அகாஷி என்ற ஊர் வழியாகப் போகிறது. 135-இல் 82½ போனால் மீதி 52½. அதை நாலால் பெருக்கினால் 210 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரம். ஜப்பான் நமக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே நமக்கு முன்னாடியே விடிந்துவிடும். நம்ம மணியோடு மூன்றரையைக் கூட்டினால் ஜப்பான் மணி வந்துவிடும்.

மூன்றரை மணி நேரம்தானே, அமெரிக்கா மாதிரி ராத்திரி பகலாக மாறிவிடவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். எங்க வீட்டுக்கு இந்த மூன்றரைதான் பெரிய தொந்தரவு. ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம ஊரில் பாதி வீட்டில் இருப்பதுபோல எங்க வீட்டிலும் விடிகாலை ஐந்தரைக்கு ஜீப் கிளம்பிவிடும். அந்த ஜீப்பை ஓட்டுவதே எங்க அப்பாதான். முந்தல் தாண்டி, போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிடுவார். அம்மாச்சி அந்த ஜீப்பில் போகும். ஐந்தரைக்கு அம்மாச்சி ஜீப்பில் ஏறும்போது சித்திக்கு மணி ஒன்பது, முதல் பீரியட் நடந்துகொண்டிருக்கும். சித்தி பள்ளிக்கூடம் முடிந்து ஐந்து மணிக்கு வெளியே வரும்போது நமக்கு ஒன்றரை. அப்போது அம்மாச்சி ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சரிவில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் ஜீப் வீட்டுக்கு வர ஆறு ஆகும். அம்மாச்சி குளித்து, உலை வைத்து உட்கார ஏழரை. அப்போது டோக்கியோவில் ராத்திரி பதினொரு மணி. சித்தி மறுநாள் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஒருத்தருக்கு ஓய்வு கிடைக்கிற நேரம் இன்னொருத்தருக்கு வேலை, இல்லையென்றால் தூக்கம்.

சித்தி போனது 2023 ஜூன் மாதம். போடிக்கு ரயில் மறுபடி ஓட ஆரம்பித்ததும் அந்த மாதம்தான், ஜூன் 15. அகல ரயில் பாதைக்காக 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்திய பிறகு பன்னிரண்டு வருடத்துக்கு மேல் நம்ம ஸ்டேஷனில் ரயிலே இல்லை. ரயில் வந்தது என்று ஊரே பார்க்கப் போனது. நாங்கள் அதே ரயிலில் சித்தியை ஏற்றிவிட்டு அழுதுகொண்டு திரும்பினோம். சித்தி மகன், என் தம்பி, அப்போது மூன்று வயசுக் குழந்தை. சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், ஆறு மாசத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் தம்பி எங்களோடு அம்மாச்சியிடம்தான் வளர்கிறான்.

டோக்கியோவில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிகள் இருக்கின்றன. 2000-ஆம் வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடும் என்று உலகமெல்லாம் பயந்தார்களாம். அதைச் சரிசெய்யவும் பிறகு மற்ற கம்ப்யூட்டர் வேலைக்கும் நம்ம நாட்டு இன்ஜினியர்கள் நிறையப் பேர் அங்கே போனார்கள். எதோகாவா என்ற வட்டாரத்தில் நிஷி கசாய் என்ற இடத்தில் குடும்பத்தோடு தங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமே! 2004-இல் ஒரு இந்தியப் பள்ளி வந்தது, 2006-இல் இன்னொன்று. இந்தியக் கணக்குப் பாடம் நல்லது என்று சில ஜப்பான் பெற்றோரும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஜப்பான் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் ஒன்பது வாய்ப்பாடு வரைக்கும் ராகமாகச் சொல்லிப் படிப்பார்களாம். நாம் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல முடியாமல் வெளியே நின்றது சித்தி வகுப்புக்குத் தெரிய வேண்டாம். சித்தி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் பேரைப் போடக் கூடாது என்று சொல்லிட்டாங்க, அதனால் போடவில்லை.

தமிழ் ஆசிரியர்கள் ஜப்பானுக்குப் போவது புதிது இல்லை. 1980-களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் அவர் மனைவி மனோன்மணி சண்முகதாசும் டோக்கியோவில் கக்குஷுயின் பல்கலைக்கழகத்துக்குப் போய், பேராசிரியர் சுசுமு ஓனோவோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். ஓனோ (1919–2008) ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று எழுதியவர். மொழியியல் படித்தவர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு மொழியிலும் வாக்கியம் ஒரே வரிசையில் வருவது உண்மை. 'வாதாஷி வா கோஹான் ஓ தாபேரு' என்றால் 'நான் சோறு சாப்பிடுகிறேன்'. இங்கிலீஷ் மாதிரி வினைச்சொல்லை நடுவில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்கு பேருக்கும் அங்கேயும் தனித்தனிச் சொல் இருக்கிறது. அத்தைக்கும் சித்திக்கும் மட்டும் ஒரே சொல்தான். இதைக் கேட்டு அம்மாச்சி, "அப்ப சண்டை வந்தா யாரத் திட்டுறாங்கன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுச்சு.

சித்தி ஒரு சின்ன அறையில் இருக்காங்க. காலையில் ஐந்தரைக்கு எழுந்து மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு ரயிலில் போறாங்க. ரயிலில் போனில் பேசினால் மரியாதைக் குறைவு. யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் யாருமே பேச மாட்டார்கள். குப்பை போடுவதற்குக்கூட அட்டவணை உண்டு. எரிகிற குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு ஒரு நாள், பாட்டில், காகிதம் எல்லாவற்றுக்கும் வேறு வேறு நாள். அந்த நாளில் காலையிலேயே வைத்துவிட வேண்டும். முதல் மாதம் முழுக்க அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்ததாகச் சொன்னாங்க. அம்மாச்சி மட்டும் ஆச்சரியப்படவில்லை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையும் பார்த்த ஆள் அல்லவா? பச்சை, வெளுத்தது, பெரிசு, பொடிசு, வெடிச்சது என்று சல்லடையிலும் கையிலும் பிரித்துப் பழகியது. "பிரிச்சாத்தானே வெல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டது.

சித்தி அறைக்கு எதிரே அந்த ஊர் அரசுத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. சன்னலில் பார்த்ததை எல்லாம் சொல்வாங்க. ஆறாவது வரை படிக்கிற பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் கூட்டமாக நடந்தே வருகிறார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் மஞ்சள் தொப்பி போட்டிருப்பார்கள், வண்டிக்காரர்களுக்குப் பளிச்சென்று தெரிவதற்காக. வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்பு. வகுப்பறையையும் வராண்டாவையும் பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டையும் அவர்களே வெள்ளைத் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். டீச்சரும் அதே சாப்பாட்டை அதே வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். அங்கே பள்ளிச் சாப்பாடு 1889-இல் சுருஒகா என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததாம். 1954-இல் சட்டமே போட்டார்கள். நமக்குக் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தது 1956-இல். எம்.ஜி.ஆர். சத்துணவு 1982. எங்க அம்மா சத்துணவு சாப்பிட்டுத்தான் படிச்சாங்க, சித்தியும்தான். அந்தத் தட்டில் சாப்பிட்டவங்க இன்றைக்கு டோக்கியோவில் டீச்சர் என்பதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் இருக்கிற ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு மெட்டு வரும். பூகம்பம், வெள்ளம் வந்தால் அறிவிப்பதற்காக வைத்த ஒலிபெருக்கி அது. வேலை செய்கிறதா என்று தினமும் ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். விளையாடுகிற பிள்ளைகளுக்கு 'வீட்டுக்குப் போ' என்றும் அது அர்த்தம். மார்கழி, தை மாதக் குளிரில் நாலரைக்கே போட்டுவிடுவார்களாம், ஏனென்றால் டிசம்பரில் டோக்கியோவில் நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். அங்கே ஐந்து மணி என்றால் நமக்கு ஒன்றரை. மதியம் அந்த நேரத்தில் தம்பி, "அம்மா ஊருல பாட்டுப் போட்டுருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவான்.

சரி, விலைவாசியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 100 யென் நம்ம பணத்தில் சுமார் 60 ரூபாய். 2025-இல் அங்கே அரிசி விலை ஏறி 5 கிலோ பை 4000 யென்னைத் தாண்டிவிட்டது. பெருக்கிப் பாருங்கள், கிலோ நானூறு ரூபாய்க்கு மேல்! ரேஷனில் விலையில்லா அரிசி வாங்குகிற அம்மாச்சி, "அடி ஆத்தி! பேசாம கஞ்சியக் காச்சிக் குடி" என்றது. நிஷி கசாயில் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. ஏலக்காய்ப் பாக்கெட்டை சித்தி வீடியோவில் காட்டினாங்க. அம்மாச்சி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "காய் வெளுத்துருக்கு, நம்ம காய் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அது குவாத்தமாலா காயாகக்கூட இருக்கலாம். உலகத்திலேயே ஏலக்காய் அதிகமாக விளைவது அந்த நாட்டில்தான். நல்ல காய் ஒரு கிலோ காய்ந்து கிடைக்க ஐந்து கிலோ பச்சைக்காய் எடுக்க வேண்டும். அது அம்மாச்சியின் முதுகுக்குத்தான் தெரியும்.

இனி, எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்பதற்கு வருகிறேன். சண்முகதாஸ் ஐயா காலத்தில் கடிதமும், காசு கொட்டுகிற வெளிநாட்டு போன் காலும்தான். இப்போது வாட்ஸப் இருக்கிறதே, என்ன கஷ்டம் என்று என் பக்கத்தில் இருக்கிறவள் கேட்டாள். போன் இருந்தால் போதுமா? நேரம் வேண்டாமா?

நாங்கள் கண்டுபிடித்த வழி இது. ராத்திரி அம்மாச்சி சாப்பிட்ட பிறகு நான் போனைப் பிடித்துக்கொள்வேன், அம்மாச்சி பேசும். அந்தக் குரல் பதிவை அனுப்பிவிடுவோம். சித்தி மறுநாள் காலை ரயிலில் காதில் மாட்டிக் கேட்பாங்க. ரயிலில் பேசக் கூடாது என்பதால் பதிலைத் தமிழில் தட்டி அனுப்புவாங்க. அம்மாச்சிக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலம் நான் படித்துக் காட்டுவேன். அதனால் வீட்டில் எனக்குப் பேர் போஸ்ட்மேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. மேல்வலி, மாத்திரை வாங்காதது, பக்கத்து வீட்டோடு சண்டை எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும். "இதச் சொல்லாத, அவ பயந்துக்குவா" என்று அம்மாச்சியும், "இதை அம்மாவிடம் படிக்காதே" என்று சித்தியும் எனக்கே தனித்தனியாகச் சொல்வார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று பதினாலு வயசுப் பிள்ளை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. போஸ்ட்மேனுக்குக்கூட இந்த வேலை இல்லை, அவர் உறையைப் பிரிப்பதில்லை.

நேரடியாகப் பேசுவது புதன், சனி இரண்டு நாள். அது வீட்டில் இல்லை, மலையில்! ஜீப் இறங்கி வருகிற வழியில் ஒரு வளைவில் மட்டும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ஐந்து பத்துக்கு அங்கே வரும்போது அப்பா ஓரமாக நிறுத்துவார். அப்போது சித்திக்கு ராத்திரி எட்டு நாற்பது. அப்பா போனில் வீடியோ கால் போடுவார். ஜீப்பில் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அம்மாச்சி பேச ஆரம்பிப்பதற்குள் பின்னாடியிலிருந்து எல்லோரும், "ஏத்தா, சாப்ட்டியா?", "குளுருதா?", "இளைச்சுப் போயிட்ட" என்று கத்துவார்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் இவர்களே பேசிவிடுவார்கள் என்று அம்மாச்சிக்குக் கோபம். ஆனால் யாராவது ஒருநாள் வரவில்லை என்றால் சித்தி முதலில் அவர்களைத்தான் விசாரிப்பாங்க. பொழுது போகிற நேரம், பின்னாடி மலை, கூலிக்காரர்கள் தலையில் கட்டின துண்டு எல்லாம் அந்தச் சின்னத் திரையில் தெரியும். சித்தி ஒருமுறை, "பேசாம போனை மலைப் பக்கம் திருப்புங்க மாமா, கொஞ்ச நேரம் பார்க்கிறேன்" என்று சொன்னாங்களாம். அப்பா திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஜீப்பில் ஒருத்தரும் பேசவில்லையாம்.

தம்பி பேசுவது வீட்டிலிருந்து, தினமும் ஐந்து மணிக்கு, பத்து நிமிடம்.

2024 ஜனவரி 1-ஆம் தேதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அரையாண்டு விடுமுறையின் கடைசி நாள். நமக்குப் பகல் 12.40, ஜப்பானில் மாலை 4.10. நோதோ தீபகற்பத்தில் 7.6 அளவில் பூகம்பம். டி.வி.யில் சுனாமி எச்சரிக்கை என்று ஓடியது. சுனாமி என்பதே ஜப்பானியச் சொல்தான். 2004-க்குப் பிறகு நமக்கும் அது வீட்டுச் சொல் ஆகிவிட்டது. நோதோ எங்கே, டோக்கியோ எங்கே என்று அட்லஸைப் பிரித்துப் பார்த்தேன். சுமார் 300 கி.மீ. தூரம். அதற்குள் சித்தி, 'இங்கே லேசான ஆட்டம்தான், நான் நலம்' என்று அனுப்பிட்டாங்க. எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் அம்மாச்சி மலையில்! சிக்னல் இல்லாத இடத்துக்கும் கெட்ட செய்தி மட்டும் எப்படியோ போய்விடும். மேட்டுக்கு வந்த யாரோ 'ஜப்பான்ல பூகம்பம், கடல் வந்துருச்சாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அம்மாச்சி கூடையை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். திங்கட்கிழமையாக இருந்தும் அப்பா அந்த வளைவில் நிறுத்தி போன் போட்டார். சித்தி முகம் தெரிந்ததும் அம்மாச்சி கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்டியா?"

அதன் பிறகு சித்தி எங்களுக்கு இரண்டு விஷயம் விளக்கினாங்க. டி.வி.யில் சொல்கிற 7.6 என்பது பூமிக்குள் பூகம்பத்தின் மொத்த சக்தி. நாம் நிற்கிற இடத்தில் எவ்வளவு ஆட்டம் என்பதற்கு ஜப்பானில் 'ஷிந்தோ' என்று தனி அளவு வைத்திருக்கிறார்கள், 0 முதல் 7 வரை. அதே பூகம்பம் நோதோவில் ஷிந்தோ 7, தூரத்தில் இருக்கிற ஊருக்கு அதைவிட ரொம்பக் குறைவு. ஆகவே பெரிய எண்ணைக் கேட்டதும் பயப்படாமல், எந்த ஊரில் எத்தனை ஷிந்தோ என்று கேட்க வேண்டும். இரண்டாவது, பெரிய ஆபத்து வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்வதால் லைன் கிடைக்காது. அதற்காக அந்த நாட்டில் 171 என்ற எண் இருக்கிறது. அதில் முப்பது வினாடி பேசிப் பதிவு செய்துவிட்டால், வீட்டார் அவர் போன் எண்ணை அழுத்தி அதைக் கேட்கலாம். எல்லோரும் பழகுவதற்காக மாதத்தில் 1, 15 தேதிகளில் சோதனைக்கும் திறந்து விடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இணையத்தில் அதே மாதிரி ஒன்று உண்டு.

எங்க வீட்டிலும் ஒரு 171 வைத்துக்கொண்டோம். பூமி ஆடினால் சித்தி முதலில் 'நலம்' என்று ஒரு சொல் மட்டும் அனுப்பணும், பேசுவது பிறகு. ஐப்பசி மழையில் மலைச்சாலையில் மண் சரிந்தது என்று செய்தி வந்தால், நாங்கள் 'வந்தாச்சு' என்று அனுப்பணும். ஜப்பானில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். சித்தியோ தினமும் சாயங்காலம் போடிமெட்டு மழை நிலவரம் பார்த்துவிட்டுத்தான் சோறு வைக்கிறாங்க.

கடிதமும் வரும், மாதம் ஒன்று. சில சமயம் பத்து நாளில், சில சமயம் மூன்று வாரத்தில். அதில் புதுச் செய்தி ஒன்றும் இருக்காது, எல்லாம் முன்பே போனில் பேசியதுதான். ஆனாலும் அம்மாச்சிக்குக் கடிதம்தான் வேண்டும். படித்துக் காட்டியதும் வாங்கி மடித்து அரிசி டின்னுக்கு மேலே உள்ள பெட்டியில் வைத்துக்கொள்ளும். போனில் இருப்பதை அம்மாச்சியால் எடுத்துப் பார்க்க முடியாது. இதை அப்போ வேணும்கிறப்ப எடுத்துத் தடவிப் பார்க்கலாம்.

வருகிற ஏப்ரலில் தம்பியும் போகிறான். சித்தி பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு. பாஸ்போர்ட் வந்துவிட்டது. குடும்பத்தோடு தங்கலாம் என்று ஜப்பான் குடிவரவு அலுவலகம் ஒரு சான்று கொடுக்க வேண்டும். அது வந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பம் போட முடியும். அதற்குத்தான் காத்திருக்கிறோம். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தமிழ் மறக்காது என்று சித்தி சொல்றாங்க. தம்பிக்கு ஒரே குஷி. அம்மாச்சி குரல் பதிவில் இப்போதெல்லாம் முன்பு மாதிரி நீளமாகப் பேசுவதில்லை.

போன வாரம் அம்மாச்சி என்னிடம் கணக்குக் கேட்டுச்சு. "அவன் அங்க எத்தனை மணிக்குத் தூங்குவான்?" எட்டரைக்குத் தூங்க வைத்துவிடுவேன் என்று சித்தி சொல்லியிருந்தாங்க. எட்டரை என்றால் நமக்கு ஐந்து. ஜீப் அந்த வளைவுக்கு வருவது ஐந்து பத்துக்கு. பத்து நிமிடம் இடிக்கிறது என்றேன். அம்மாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, புதனும் சனியும் மட்டும் கால் மணி நேரம் முன்னாடி ஆளை விடச் சொல்லி அப்பாவை விட்டுக் கங்காணியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பதிலாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் கால் மணி நேரம் கழித்துக்கொள்ளலாம் என்று ஜீப்பில் வருகிற எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கங்காணி இன்னும் பதில் சொல்லவில்லை.